நிறை போனாலும் திணிவு போகாது

இந்தக் கிழமை எபிசோடில் கோபாட் பற்றிக் கதைச்சோம். கோபாட் என்றதும் மனுசனுக்குப் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முறுக்கிற ஒரு இயந்திரக் கைதான் எங்கட மனசில் வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்தது பாரம் தூக்கிற வேலையில். எபிசோடில் அதுக்கு நேரம் கிடைக்கேல்லை. அதனால் இங்கே எழுதுறன்.

1996-இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கல் பெஷ்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை உருவாக்கினார்கள். பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் ஆதரவு இருந்தது. கார் பொருத்துகிற இடத்தில் பாரமான பாகங்களைக் கையாளுகிறவர்களின் உடம்பைக் காப்பாற்ற வேணும் என்பதுதான் நோக்கம். விசேஷம் என்னவென்றால், முதல் கோபாட்டுக்குத் தானாக நகர்கிற சக்தியே இல்லை. தள்ளுறது மனுசன். எந்தத் திசையில் போகலாம் என்பதை மட்டும் கொம்பியூட்டர் தீர்மானிக்கும். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று விளங்க, ஒரு இரும்புப் பட்டறையைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 7.85 கிலோ. இதை ஞாபகம் வைச்சால் போதும். 1.25 மீற்றருக்கு 2.5 மீற்றர், 3 மில்லிமீற்றர் தடிப்பு உள்ள ஒரு ஷீட் கிட்டத்தட்ட 74 கிலோ வரும். அதே ஷீட் 5 மில்லிமீற்றர் என்றால் 123 கிலோ. இதை லேசர் கட்டிங் மேசையில் ஏற்ற வேணும். வெட்டின துண்டுகளை இறக்கி, மடிக்கிற மெஷினுக்குக் கொண்டுபோக வேணும்.

பெரிய ஷீட்டுக்கு எல்லோரும் பயப்படுவினம். சின்னத் துண்டுதான் ஏமாத்தும். அமெரிக்காவின் நயோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தின சூத்திரப்படி, எல்லாம் சரியாக அமைஞ்சால் ஒருவர் தூக்கக்கூடியது 23 கிலோ. ஆனால் கை உடம்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளிப்போனால் அது பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். 60 சென்ரிமீற்றர் சதுரமான ஒரு துண்டை மட்டமாகப் பிடிச்சுத் தூக்கினால் கணக்கில் வாற தூரம் இந்த 50-தான். 4 மில்லிமீற்றர் தடிப்பில் அந்தத் துண்டு 11.3 கிலோ. அதாவது, "இதென்ன, லேசாகத்தானே இருக்கு" என்று நினைக்கிற துண்டிலேயே எல்லை வந்துட்டுது. நிலத்திலிருந்து குனிஞ்சு எடுக்கிறது, இடுப்பைத் திருப்புறது, நிமிசத்துக்கு எத்தனை தரம் என்பதெல்லாம் இன்னும் சேர்க்கேல்லை.

காரணம் நெம்புகோல். கப்பியையும் கயிறையும் வைச்சுத் தனியாளாக ஒரு கப்பலை இழுத்தார் என்று புளூட்டார்க் எழுதின ஆர்க்கிமிடீஸ், நான் இருக்கிற இதே சிசிலித் தீவின் சிரகூசாக்காரர். அவருக்கு உதவின அதே விதி எங்கட முதுகுக்கு எதிராக வேலை செய்யுது. முதுகுத் தசை முள்ளந்தண்டிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இழுக்குது. பாரமோ 50 சென்ரிமீற்றர் முன்னால். பத்து மடங்கு. 11 கிலோவுக்குத் தசை 110 கிலோ அளவுக்கு இழுக்க வேணும்.

இதுக்குக் கருவிகள் இருக்கு. வக்யூம் லிஃப்டரில், 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கப், 60 வீத வெற்றிடத்தில் கணக்குப்படி சுமார் 48 கிலோ பிடிக்கும். பாதுகாப்புக்காக அதில் பாதியைத்தான் நம்ப வேணும். ஷீட்டைச் செங்குத்தாகத் தூக்கினால் உராய்வுதான் பிடிக்குது, அதனால் இன்னும் குறையும்; எண்ணெய் பட்ட ஷீட் என்றால் அதிலும் குறையும். காந்தம் அலுமினியத்திலும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பிடிக்காது. மெல்லிய ஷீட் என்றால் இரண்டு சேர்ந்து வந்துவிடும். காற்றழுத்தத்தில் வேலை செய்கிற பலன்சர் நிறையைத் தான் தாங்கிக்கொள்ளும். இரண்டு விரலால் ஏற்றி இறக்கலாம்.

இங்கேதான் பள்ளிக்கூடப் பௌதிகம் வருது. நிறை வேறு, திணிவு வேறு. பலன்சரில் தொங்குகிற 74 கிலோ ஷீட்டுக்கு நிறை இல்லாதது மாதிரி இருக்கும். திணிவு அப்படியே இருக்கு. மெதுவாகத் தள்ளினால் வரும். வேகமாகப் போகிறதை நிப்பாட்டவும் திருப்பவும் அதே 74 கிலோவோடு மல்லுக்கட்ட வேணும். மேலே ஓடுகிற ரெயிலின் பாரமும் சேரும். குனியிற நோ போய், பக்கவாட்டில் முறுக்குகிற நோ வரும். கோபாட் தீர்க்கப் பார்த்தது இதைத்தான். மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரைப் போடும். நீங்கள் முன்னுக்குத் தள்ளினால் போதும்; வளைத்து, சரியான இடத்துக்குக் கொண்டுபோறது அந்தச் சுவர். தானாக நகர்கிற சக்தி இல்லாததால், கோடில் பிழை இருந்தாலும் அது ஆளை அடிக்காது.

இவ்வளவு இருந்தும் பல பட்டறைகளில் கருவி மூலையில் நிற்கும். சோம்பல் இல்லை, நேரம்தான் காரணம். கருவியை இழுத்துவந்து, கப்பை வைச்சு, வெற்றிடம் ஏறும் வரைக்கும் நிற்கிறதுக்குள் கையால் தூக்கி முடிஞ்சுடும். லேட்டன்சி கூடின டூலை எங்கட துறையிலும் ஒருத்தரும் பாவிக்க மாட்டினம். அதனால் வாங்கமுதல் மூன்று கேள்வி கேளுங்கோ. ஒவ்வொரு மெஷினுக்கும் கையெட்டுகிற தூரத்தில் கருவி நிற்குமா? ஷீட் நிலத்தில் இல்லாமல் இடுப்பு உயரத்தில் இருக்குமா? துண்டுக் கணக்கில் சம்பளம் என்றால், கருவிக்கு ஆகிற நேரத்தையும் கணக்கில் சேர்ப்பினமா?

கால்சாவிலிருந்து துறைமுகத்துக்கு அங்கால் பார்த்தால் கப்பல் கட்டுகிற இடத்துக் கிரேன்கள் தெரியும். பெரிய இடத்தில் பெரிய கருவி இருக்கும். சின்னப் பட்டறைக்கும் கிடங்குக்கும் இத்தாலியின் 2008-ஆம் ஆண்டின் 81-ஆம் இலக்கச் சட்டம் ஒன்றுதான். அதன் 168-ஆவது பிரிவின்படி, கையால் தூக்கிற தேவையையே முதலில் தவிர்க்க வேணும், அதுக்கு இயந்திரம் பாவிக்க வேணும். இது முதலாளியின் கடமை. இடுப்புப் பட்டி தந்தால் கடமை முடியாது.

ஆனால் அதே சட்டம் "தொழிலாளி" என்ற வரையறையில் வீட்டு வேலை செய்கிறவர்களைச் சேர்க்கேல்லை. பலெர்மோவில் எங்கட ஆக்கள் நிறையப் பேர் செய்கிறது அந்த வேலைதான். கட்டிலிலிருந்து ஒரு வயசாளியைத் தூக்கேக்க, முதுகுக்கு மேலே சொன்ன அதே பத்து மடங்குக் கணக்குத்தான். அதுக்கும் லிஃப்டர் இருக்கு. சட்டம் கேட்காவிட்டாலும், வேலைக்குச் சேரமுதல் அதை நீங்கள் கேளுங்கோ.