காளான் மாத்திரை வாங்குமுன்

ரெய்ஷி, ஷிடாக்கே, கார்டிசெப்ஸ் முதலிய காளான்களின் பொடியும் மாத்திரையும் மருந்துக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. 'நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்' என்பது விளம்பர வாசகம். விலையோ குறைவன்று. பணம் செலுத்துமுன் அந்த வாசகத்தில் எவ்வளவு உண்மை உள்ளது எனக் காண்போம்.

காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் உள்ளது. நம் உடல் இதனை உண்டாக்குவதில்லை. எனவே இதனை எதிர்கொள்ளும் வெள்ளணுக்கள், பூஞ்சை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டதாகக் கருதி விழிப்படைகின்றன. இதனை அடையாளம் காணும் டெக்டின்-1 என்னும் ஏற்பி அவ்வணுக்களின் மேற்பரப்பில் இருப்பது 2001-இல் கண்டறியப்பட்டது. ஆகவே விளம்பரத்தின் அடிப்படை பொய்யன்று.

ஜப்பானியர் இதனை மருந்தாகவே பயன்படுத்தினர். டர்க்கி டெயில் காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டின் 1977-இலும், ஷிடாக்கேயிலிருந்து பிரித்த லென்டினன் 1980-களிலும் அங்கு ஒப்புதல் பெற்றன. ஆனால் லென்டினன் விழுங்கும் மாத்திரையன்று. இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோதெரபியுடன் சேர்த்துச் செலுத்தப்பட்ட ஊசி மருந்து. சிகிச்சைக்குத் துணையாகவே அளிக்கப்பட்டது, மாற்றாக அன்று. விளம்பரங்களில் இவ்விரு செய்திகளும் வசதியாக விடுபட்டுவிடுகின்றன! நலமாக இருப்பவர் மாத்திரை விழுங்கினால் நோய்கள் குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

வாங்குவதென்றே முடிவு செய்தால், புட்டியின் லேபிளை நிதானமாகப் படியுங்கள். சில தயாரிப்புகளில் காளானே இருப்பதில்லை. தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்துடன் சேர்த்தே அரைத்துவிடுகின்றனர். அப்போது தானியத்தின் மாவுச்சத்தும் 'பாலிசாக்கரைடு' கணக்கில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பாலிசாக்கரைடு அளவைக் கண்டு மயங்காமல், பீட்டா குளுக்கன் அளவு தனியே தரப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இவை உணவுத் துணைப்பொருள்களாக விற்கப்படும்போது, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்னும் பொருள்படும் வாசகம் லேபிளில் இருப்பது கட்டாயம்.

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்குவதற்கே மருந்து உண்கின்றனர். அவர்கள் அதனைத் தூண்டும் பொருளை மருத்துவரைக் கேளாமல் தொடுதல் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கும் ரெய்ஷி ஏற்றதன்று. இரத்தக் கசிவு மிகக்கூடும்.

சந்தையில் கிடைக்கும் சிப்பிக்காளானிலும் பீட்டா குளுக்கன் உண்டு. சமைக்குமுன் நறுக்கிச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டி-யும் உண்டாகும். ஷிடாக்கேயை மட்டும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். அரைவேக்காடாக உண்ட சிலருக்கு, அதிலுள்ள அதே லென்டினனால், சாட்டையடி பட்டாற்போல் உடலெங்கும் சிவந்த கோடுகள் தோன்றுவதுண்டு.