வாசித்துக் காட்டிய காலம், சொல்லிக்கொடுத்த காலம்

பால்டிமோர் நகரின் பீபாடி இசைக் கல்லூரியில் லியோன் ஃப்ளைஷர் 1959இல் ஆசிரியராகச் சேர்ந்தபோது, பாடம் எடுப்பது அவருக்குச் சிரமமான வேலையே இல்லை. மாணவர் ஓரிடத்தில் தடுமாறினால் எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தாமே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். விளக்கம் அவ்வளவுதான். அந்தக் கைகள் அப்போது அமெரிக்காவின் மிகச் சிறந்த பியானோ கைகளில் அடக்கம்.

1928இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், தொப்பிக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் போய்ச் சேர்ந்தார். சிறுபிள்ளைகளைச் சேர்க்காத ஷ்னாபெல், இவன் வாசித்ததைக் கேட்டதும் இணங்கினார். ஆனால் இப்போதைக்குக் கச்சேரி கூடாது என்பது நிபந்தனை. ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி, அவருடைய ஆசிரியர் செர்னி, செர்னிக்குக் கற்பித்தவர் பீத்தோவன். பரம்பரை என்றால் இதுவல்லவா பரம்பரை! ஒருவர் பாடம் கேட்க மற்ற மாணவர்கள் சுற்றி அமர்ந்து கவனிப்பது ஷ்னாபெல் வீட்டு வழக்கம். பின்னாளில் ஃப்ளைஷர் வகுப்பிலும் அதே வழக்கம்தான்.

16 வயதில் நியூயார்க் பில்ஹார்மானிக்குடன் மேடையேறினார். 1952இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் அரசி போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் அவர் பதிவுசெய்த பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களை (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) இன்றும் ரசிகர்கள் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்.

1964இல் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்படாமல் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கின. கை சரியாக வரவில்லை என்றால் இன்னும் கூடுதலாகப் பயிற்சி செய் என்பதே அந்தத் தலைமுறையின் வேதம். அவரும் அப்படியே செய்தார்; நிலைமை மோசமானது. மறு ஆண்டு கிளீவ்லாந்து குழுவின் சோவியத் பயணத்துக்கு அவரால் போக முடியவில்லை. வயது 36. இது ஃபோகல் டிஸ்டோனியா, அதாவது விரல்களுக்கு மூளை அனுப்பும் கட்டளைகள் குழம்பிப்போகும் கோளாறு என்று தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின.

மேடை ஒருவாறு மீண்டது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவெல் எழுதிய இடக்கைக் கான்செர்ட்டோ இவருக்கும் கைகொடுத்தது. இசைக்குழுக்களையும் நடத்தினார். ஆனால் வகுப்பறையில் பழைய வழி அடைபட்டிருந்தது. எழுந்திரு, நான் காட்டுகிறேன் என்று இனிச் சொல்ல முடியாது. கையால் காட்டியதையெல்லாம் வாயால் சொல்லியாக வேண்டும். தம் கற்பித்தல் மேம்பட்டது அப்போதுதான் என்று அவரே பிற்பாடு சொன்னார். எனக்கு இது ஆறுதலுக்குச் சொன்னதாகத் தோன்றவில்லை. வாசித்துக் காட்டினால் மாணவர் நகலெடுப்பார். சொல்லித் தந்தால் யோசித்தாக வேண்டும். விரல் கட்டையைத் தொடுமுன் அந்த ஒலி மனத்தில் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் ஓயாமல் வலியுறுத்தியது. மணிக்கணக்கில் இயந்திரம்போல் விரலோட்டுவதற்கு எதிராகவும் எச்சரித்தார். அந்தப் பழக்கத்துக்குத் தாம் கொடுத்த விலையை மறைக்கவும் இல்லை.

அக்காலத்தில் கைவலியை வெளியே சொன்னால் கச்சேரி வாய்ப்பு போய்விடும் என்று கலைஞர்கள் அஞ்சினார்கள். 1980களின் தொடக்கத்தில் இவரும், இதேபோல் வலது கை பாதிக்கப்பட்ட பியானோ கலைஞர் கேரி கிராஃப்மனும் வெளிப்படையாகப் பேசினார்கள். இசைக்கலைஞர்களின் கைக்கோளாறுகள் தனி மருத்துவத் துறையாக வளர்ந்ததில் அந்தப் பேச்சுக்குப் பங்குண்டு.

1990களில் போடாக்ஸ் ஊசியும் (முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே, அதுதான்) தசைகளை ஆழமாகப் பிடித்துவிடும் சிகிச்சையும் விரல்களை ஓரளவு விடுவித்தன. நோய் முழுதாகப் போய்விடவில்லை. 2004இல் ‘இரண்டு கைகள்’ எனப் பொருள்படும் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவை அவசரமே இல்லாமல் வாசித்திருக்கிறார். செல்லுடன் செய்த பதிவுகளின் மின்னல் வேகம் இதில் இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இரு கைகளும் கிடைத்த பிறகும் பீபாடி வகுப்பை அவர் விடவில்லை. ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் என அவரிடம் கற்றவர்கள் பலர் பெரிய மேடைகளில் புகழ் பெற்றார்கள். 2020 ஆகஸ்டில் 92 வயதில் காலமானார். அதற்கு முந்தைய வாரம் வரையிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.