அரசு ரகசியத்தை உடைத்தவர் எங்கே போக முடியும்? ஸ்னோடன் தட்டிய 21 கதவுகள்

2013 ஜூன் 24. மாஸ்கோவின் ஷெரமெட்யேவோ விமான நிலையத்திலிருந்து கியூபாவின் ஹவானாவுக்குக் கிளம்பிய விமானத்தில் பத்திரிகையாளர்கள் நிறையப் பேர். எல்லோருடைய கேமராவும் திரும்பியது 17ஏ என்ற ஜன்னலோர இருக்கையின் பக்கம். அதில் உட்கார வேண்டியவர் கடைசிவரை வரவே இல்லை. கதவு மூடியாகிவிட்டது. இனி இறங்கவும் முடியாது. காலி சீட்டைப் படம்பிடித்தபடியே ஹவானாவரை போய்ச் சேர்ந்தார்கள்.

வராதவர் எட்வர்ட் ஸ்னோடன். 30 வயது முடிந்து மூன்றே நாள். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்புக்காக வேலை பார்த்த ஒப்பந்த நிறுவன ஊழியர். அமெரிக்கர்கள் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் போனில் பேசினார்கள் என்ற விவரத்தை அரசாங்கம் மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்ததை ஆவணங்களோடு பத்திரிகைகளிடம் கொடுத்தவர்.

இப்படி அரசின் ரகசியத்தை வெளியே சொல்பவரைத்தான் விசில்ப்ளோயர் என்கிறோம். சரி, அப்படிப்பட்டவர் நாட்டைவிட்டு வெளியேறினால் எங்கே பாதுகாப்பாக இருக்கலாம்? இணையத்தில் தேடினால், ‘அமெரிக்காவோடு குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இல்லாத நாடுகள்’ என்று ஒரு பட்டியல் வரும். அதை மட்டும் நம்பி டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வது நிச்சயம். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ‘விசா செல்லாது’ என்று சொல்லி விமானத்தில் ஏற்றி அனுப்ப எந்த நாட்டாலும் முடியும்.

சட்டம் கைகொடுக்குமா?

அகதிகளுக்கான 1951-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. இதில் எதற்காகவாவது சொந்த நாட்டில் கொடுமைக்கு ஆளாவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால் ஒருவருக்கு அடைக்கலம் உண்டு. அவரை அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பக் கூடாது. விசில்ப்ளோயர் என்ற சொல்லே அதில் கிடையாது. அவர் ‘அரசியல் கருத்து’ என்ற ஐந்தாவது கதவு வழியாகத்தான் நுழையப் பார்க்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். “அவர் கருத்துக்காக நாங்கள் துரத்தவில்லை. சட்டத்தை மீறினார், வழக்குப் போட்டிருக்கிறோம்” என்பார்கள் ஊரில். ஸ்னோடன் மீது மூன்று குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அதில் இரண்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் 1917-ல் வந்த உளவுச் சட்டத்தின்படி. ‘மக்கள் நலனுக்காகத்தான் வெளியிட்டேன்’ என்று வாதாட அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ஆக, அவருக்கு அடைக்கலம் தரும் நாடு, ‘அமெரிக்க நீதிமன்றத்தில் இவருக்கு நியாயம் கிடைக்காது’ என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நட்பு நாடு எதற்கு அந்தத் துணிச்சல் வரும்?

வந்தால்தான் மனு, வரத்தான் வழியில்லை

ஹாங்காங்கிலிருந்து மாஸ்கோ வந்தபோதே அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்திருந்தது. விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதியிலேயே சுமார் 40 நாள் முடங்கினார். அங்கிருந்தபடி 21 நாடுகளிடம் அடைக்கலம் கேட்டார். அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. மாஸ்கோவில் உள்ள நம் தூதரகத்துக்கு வந்த மனுவை வெளியுறவு அமைச்சகம் மளமளவென்று நிராகரித்தது. 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை என்பது தனிக்கதை.

நார்வே, ஸ்பெயின், ஆஸ்திரியா, பின்லாந்து போன்றவை சொன்ன பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எங்கள் மண்ணில் கால் வைத்துவிட்டு மனுப் போடுங்கள். கால் வைக்க பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் இல்லாததால்தானே அடைக்கலமே கேட்கிறார்! சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை.

தரையில்தான் இப்படி என்றால் வானமும் திறந்திருக்கவில்லை. ஜூலை 2-ம் தேதி மாஸ்கோவில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு பொலிவியா அதிபர் ஈவோ மொராலஸ் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவரது விமானத்தில் ஸ்னோடன் ஒளிந்திருப்பதாக வதந்தி. ஐரோப்பிய நாடுகள் சில தங்கள் வான்வழியை மூட, ஒரு நாட்டின் அதிபர் வியன்னாவில் இறங்கி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. விமானத்தில் ஸ்னோடன் இல்லை. இதில் கொதித்துப்போன பொலிவியாவும், கூடவே வெனிசுவேலாவும் நிகராகுவாவும் ‘வாங்க, இடம் தருகிறோம்’ என்றன. ஆனால், எந்த வானத்தின் வழியாகப் போவது?

இதற்கு முன்னால் ஹாங்காங் அவரை விட்ட விதமும் சுவாரஸ்யம். அமெரிக்காவோடு ஒப்படைப்பு ஒப்பந்தம் உள்ள இடம் அது. கைது செய்யச் சொல்லி அமெரிக்கா அனுப்பிய காகிதங்களில் நடுப்பெயர் ஒத்துப்போகவில்லை, பாஸ்போர்ட் எண் இல்லை என்று விளக்கம் கேட்டது ஹாங்காங். பதில் வருவதற்குள் ஸ்னோடன் பறந்துவிட்டார். இனிஷியல் சரியில்லை என்று மனு திரும்பி வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்: மனசு இருந்தால் காகிதத்தில் வழி கிடைக்கும், இல்லாவிட்டால் காகிதமே சுவர்.

ஐஸ்லாந்து ஏன் இல்லை?

ஸ்னோடன் முதல் பேட்டியில் ஆசையோடு சொன்ன பெயர் ஐஸ்லாந்து. காரணம் இல்லாமல் இல்லை. செஸ் மேதை பாபி ஃபிஷரை நினைவிருக்கிறதா? பொருளாதாரத் தடையை மீறி 1992-ல் யூகோஸ்லாவியாவில் விளையாடியதற்காக அமெரிக்கா அவரைத் தேடிவந்தது. 2004-ல் ஜப்பானில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு ஐஸ்லாந்து நாடாளுமன்றம் அவருக்குக் குடியுரிமையே கொடுத்து வரவழைத்துக்கொண்டது. 1972-ல் அவர் உலக சாம்பியன் ஆனது ரெய்க்யவிக்கில்தான், அந்தப் பாசம். அதே வழியில் ஸ்னோடனுக்கும் குடியுரிமை தர 2013 ஜூலையில் சில எம்.பி.க்கள் மசோதா கொண்டுவந்தார்கள். விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. ஒரு சதுரங்க வீரருக்காக அமெரிக்காவின் முகச்சுளிப்பைத் தாங்கலாம். என்.எஸ்.ஏ. விவகாரம் அப்படியா?

தூதரகத்துக்குள் புகுந்தால்?

விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ஜ் செய்தது இதைத்தான். அவர் ரகசியத்தைக் கசியவிட்ட ஊழியர் அல்ல, வெளியிட்டவர். துரத்தல் மட்டும் ஒன்றுதான். 2012 ஜூனில் லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகத்துக்குள் போனார். தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் போலீஸ் நுழைய முடியாது. ஆனால் வாசலில் நிற்கலாமே! உள்ளே அறை, வெளியே போலீஸ். இப்படியே கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள். 2017-ல் ஈக்வடாரில் அதிபர் மாறினார், காற்றும் மாறியது. 2019 ஏப்ரலில் தூதரகமே கதவைத் திறந்துவிட, போலீஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அதன்பின் ஐந்து ஆண்டு சிறை. 2024 ஜூனில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆஸ்திரேலியா திரும்பினார்.

நாட்டைவிட்டு வெளியேறுவதே போதாது என்பதற்கு இன்னும் பழைய உதாரணம், மொர்தெகாய் வனுனு. இஸ்ரேலின் அணு ஆயுத ரகசியத்தை 1986-ல் லண்டன் பத்திரிகைக்குச் சொன்னவர். செய்தி அச்சாவதற்கு முன்பே, பழகிய ஒரு பெண்ணை நம்பி ரோம் போனார். அந்தப் பெண் மொசாட் ஏஜென்ட். மயக்க மருந்து கொடுத்துக் கப்பலில் இஸ்ரேல் கொண்டுபோனார்கள். 18 ஆண்டு சிறை.

அப்போ ரஷ்யாதான் பதிலா?

2013 ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா ஓராண்டுத் தற்காலிக அடைக்கலம் கொடுத்தது. அது நீண்டு நீண்டு, 2020-ல் நிரந்தர வசிப்புரிமை, 2022 செப்டம்பரில் புடின் கையெழுத்தில் குடியுரிமை. அமெரிக்கா எவ்வளவு கேட்டாலும் ‘முடியாது’ என்று சொல்லும் பலமும், அப்படிச் சொல்வதில் லாபமும் உள்ள நாடு அது. ஒருவரைக் காப்பாற்றுவது அந்தக் கணக்குதான். அங்கே எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பது அல்ல. எதிர்த் திசையிலும் இதே கணக்கு ஓடுகிறது. ரஷ்ய விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்து மோசடியை உடைத்த ஆய்வகத் தலைவர் கிரிகோரி ரோட்சென்கோவ் அடைக்கலம் புகுந்தது அமெரிக்காவில்.

இந்தப் பாதுகாப்புக்கு வாடகையும் உண்டு. உக்ரைன் போருக்கு ஆள் திரட்ட புடின் ஆணையிட்ட ஐந்தாம் நாள் ஸ்னோடனுக்குக் குடியுரிமை வந்தது. ‘அவரையும் போர்முனைக்கு அனுப்புவார்களா?’ என்ற கேள்விக்கு அவருடைய வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கண்காணிப்பை எதிர்த்தவர் ரஷ்யக் கண்காணிப்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்று விமர்சகர்கள் விடாமல் கேட்கிறார்கள். அவர் ரஷ்யாவையும் விமர்சித்திருக்கிறார். ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லும் எதையும் யாரும் முழுசாக நம்பப்போவதில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015 அக்டோபரில் 285-க்கு 281 என்ற வாக்கில், அவருக்குப் பாதுகாப்பு கொடுங்கள் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கட்டுப்படுத்தாத தீர்மானம் என்பதால் எந்த நாடும் அசையவில்லை. அவர் அம்பலப்படுத்திய அந்த போன் விவரச் சேகரிப்பு சட்டவிரோதமானது என்று 2020 செப்டம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றே சொல்லிவிட்டது. அவர் மீதான வழக்கில் மாற்றம் இல்லை.

2013 ஜூனில் உலகமே ஸ்னோடனைத் தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரம் அவர் ஒளிந்திருந்தது எந்த அரசின் விருந்தினர் மாளிகையிலும் அல்ல. இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஓடிவந்து, தாங்களே அடைக்கலம் கேட்டு ஹாங்காங்கில் காத்திருந்தவர்களின் சின்ன வீடுகளில். விஷயம் 2016-ல் வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டே அவர்களது மனுக்களை ஹாங்காங் நிராகரித்தது. பிலிப்பைன்ஸ் தாயும் மகளும் 2019-ல் கனடா போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு குழந்தைகளோடு ஒரு இலங்கைக் குடும்பம் கனடாவில் இறங்க 2021 ஆயிற்று.