படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன செய்யலாம்?

பக்கவாதத்தில் மாமியார் படுத்துவிட்டால், நாஞ்சில் நாட்டு வீடுகளில் பாடு பெரும்பாலும் மருமகளுக்குத்தான். மகன் வளைகுடாவில் இருப்பார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று கிளம்புவார்கள். மருமகள் சொல்லவே மாட்டார். கேட்பதற்கும் தெம்பு வேண்டுமே!

அவர் வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கஞ்சி கொடுக்கும்போது சாய்த்து உட்கார வைத்து, கொடுத்தபின் அரைமணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். நோயாளிக்கு அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. தனியாளாக இழுத்தால் நோயாளிக்குத் தோல் வழன்று போகும், இழுப்பவருக்கு நடுமுதுகு போகும்.

ஆகவே அந்த இரண்டாவது ஆளாகப் போங்கள். "மயினி, செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு நான் வாறேன், நீங்க போய் உறங்குங்க" என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் போனில் யோசனை சொல்வதைவிட, ராத்திரிக்கு ஓர் ஆளை வைக்கச் சம்பளம் அனுப்பலாம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து வரிசையில் நிற்பதை ஊரிலிருக்கும் கொழுந்தன் ஏற்றுக்கொள்ளலாம்.

அரசிடமும் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் செவிலியரின் கவனிப்பும் வீட்டுக்கே வரும். புண்ணைத் துடைத்துக் கட்டவும் குழாய்வழி உணவு கொடுக்கவும் அந்தச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். படுக்கையில் கிடப்பவரைக் கவனிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் என்று அங்கே ஒரு திட்டம் வைத்தார்கள். தொகை சிறிதுதான். ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதும் உழைப்புதான் என்று அரசு ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை கொடுக்க ஊழியர் வரும் நாளில், மாமியாருக்குப் பார்த்த கையோடு மருமகளுக்கும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.