பள்ளிக் காசு, கோயில் காசு, பங்குக் காசு: சில சொற்களும் அவற்றின் பொருளும்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கூடும் சனத்தை வன்னியில் அறியாதவர் இல்லை. நந்திக்கடல் கரையில் இருக்கும் இந்தக் கோயிலின் பொங்கலோடு, கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கமும் சேர்ந்து பேசப்படும். நேர்த்திக்கடனாகவும் உபயமாகவும் அங்கே வந்து சேரும் காசும் பொருளும் கொஞ்சமல்ல. அதே கரைதுறைப்பற்றுப் பிரதேசத்தில்தான் முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களின் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். கரையோரத்தில் கத்தோலிக்க மக்களின் பங்குகளும் இருக்கின்றன.

மூன்று இடத்திலும் உண்டியல் உண்டு. மூன்று இடத்திலும் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "காசு எங்க போகுது? ஆர் கணக்குப் பாக்கிறது?" ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சொற்கள் வேறு வேறு. பள்ளியில் நம்பிக்கையாளர் சபை, கோயிலில் பரிபாலன சபை, தேவாலயத்தில் நிதிக்குழு. கேட்க எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சட்டத்தின் முன்னால் ஒன்றல்ல. 1990இல் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் திரும்பி வந்து, கொடையாளர்களின் உதவியோடு பள்ளிவாசல்களை மறுபடி எழுப்பும் ஒரு சமூகத்துக்கு இந்த வேறுபாடுகள் வெறும் ஏட்டறிவு அல்ல. ஒரு சொல் பிழைத்தால் ஒரு காணியே கைமாறிப் போகக்கூடும்.

"இது ஆருடைய காணி?"

முதலில் உரித்து. பள்ளிவாசல் காணி யாருடையது என்று கேட்டால், "ஊருடையது" என்போம். மார்க்கச் சட்டத்தின்படி அதுவும் சரியான பதிலல்ல. வக்பு செய்யப்பட்ட சொத்து மனித உரித்திலிருந்து விலகி நிற்கிறது. கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்பு செய்தபோது, அதை விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ வாரிசுரிமையாகப் பெறவோ முடியாது என்ற நிபந்தனையுடன் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவான செய்தி. கொடுத்தவர் வாகிப். பராமரிப்பவர் முதவல்லி. இருவரில் எவரும் உரித்தாளர் இல்லை.

இலங்கையில் இதற்கான சட்டம் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம். பள்ளிவாசலைப் பதிவு செய்வது, நம்பிக்கையாளரை நியமிப்பது, விலக்குவது எல்லாம் இதன் கீழ் வக்பு சபையின் அதிகாரத்தில் வருகின்றன. 1982இன் திருத்தம் வக்பு நியாயசபையை உண்டாக்கியது. ஆகவே ஊர் கூடி ஒருவரைத் தெரிவு செய்வது முதற்படி மட்டுமே. வக்பு சபையின் நியமனக் கடிதம் வந்தால்தான் அவர் சட்டப்படி நம்பிக்கையாளர்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்பாடு முற்றிலும் வேறு. ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைச் சட்டமொன்று ஆயரைத் தனிநபர்க் கூட்டுத்தாபனமாக ஆக்கியது. தனிநபர்க் கூட்டுத்தாபனம் என்றால், பதவியே சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள். ஆயர் இறந்தாலும் இடம் மாறினாலும் சொத்து அவருடைய உறவினருக்குப் போகாது, அடுத்து வரும் ஆயரின் பேரில் தொடரும். முல்லைத்தீவுப் பக்கத்துப் பங்கு ஒன்றின் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், பங்குத்தந்தையின் பெயர் இராது. யாழ்ப்பாண மறைமாவட்ட ஆயரின் பதவியே அங்கே நிற்கும்.

சைவக் கோயில்களுக்குத் தனிச் சட்டம் இல்லை. பௌத்த விகாரைகளுக்கு 1931இன் பௌத்த ஆலயச் சொத்துக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, நமக்கு வக்பு சட்டம் இருக்கிறது. கோயில்களோ 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் பொதுவான பிரிவுகளுக்குள்தான் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1959இன் சட்டப்படி அறநிலையத்துறை கோயில்களை நேரடியாக மேற்பார்வை செய்கிறது. இங்கே அப்படி ஒரு துறை இல்லை. இங்கு வழக்கமும் மரபும்தான் முதல் ஆதாரம். பரம்பரைத் தர்மகர்த்தாவா, ஊர் தெரிவு செய்யும் பரிபாலன சபையா என்ற தகராறு வந்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தக் கோயிலின் வழக்கத்தை விசாரித்துத்தான் தீர்ப்புச் சொல்லும்.

கூட்டிணைத்தல்

"சங்கத்தைப் பதிஞ்சிட்டம்" என்று சொல்வோம். பதிவும் கூட்டிணைத்தலும் ஒன்றல்ல. பதிவு என்றால் அரச ஏட்டில் பெயர் இருக்கிறது என்று பொருள். கூட்டிணைத்தல் என்றால் அந்த அமைப்பே தன் பெயரில் காணி வாங்கலாம், வழக்குப் பேசலாம், வழக்கில் எதிராளியாகவும் நிற்கலாம். இலங்கையில் பல சமய அமைப்புகள் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைக்கப்பட்டவை.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் 2003இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சமயப் பரப்புதலும் பொருளாதார நடவடிக்கையும் ஒன்றாகச் சேர்வது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சபையினர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 2005இல் அந்தக் குழு, அவர்களுடைய சமயச் சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டதாகக் கண்டது. இன்று ஒரு கன்னியர் சபைக்கு நேர்ந்தது நாளை ஒரு மத்ரஸாவுக்கும் நேரலாம். கூட்டிணைத்தல் என்ற சொல்லுக்குள் சிறுபான்மையினரின் உரிமையும் அடங்கியிருக்கிறது.

காசுக்குப் பெயர் உண்டு

நம்முடைய ஊர்களில் எல்லாவற்றையும் "பள்ளிக் காசு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. அதை எடுத்து மினாரா கட்ட முடியாது. ஸதகா விரிந்தது. வக்பு வருமானம் வாகிபின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. மாதச் சந்தா, கத்தீபின் சம்பளம், மின்சாரக் கட்டணம் போன்ற அன்றாடச் செலவுக்கு உரியது. "கிணறு வெட்ட" என்று ஒருவர் தந்த காசு கிணற்றுக்குத்தான்.

திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. 1983இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267ஆம் விதி, குறித்த நோக்கத்துக்குத் தரப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. 1300ஆம் விதி கொடையாளரின் விருப்பத்தைக் கவனமாக நிறைவேற்றச் சொல்கிறது. கோயிலில் உபயம் என்ற சொல்லிலும் இதே கருத்து இருக்கிறது. இன்ன நாள் பூசைக்கு இன்னாருடைய உபயம் என்றால், அந்தக் காசு அந்த நாள் பூசைக்கு உரியது. மூன்று சமயத்தின் சொற்களும் இந்த இடத்தில் ஒன்றாகச் சந்திக்கின்றன.

கணக்கியலில் இதற்குப் பெயர் வரையறுக்கப்பட்ட நிதி. நோக்கம் சொல்லாமல் தந்தது வரையறுக்கப்படாத நிதி. இரண்டுக்கும் இரண்டு பக்கம், முடிந்தால் இரண்டு வங்கிக் கணக்கு வைத்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

"பள்ளிக்கு வரி இல்லைத்தானே?"

இதைத்தான் அதிகம் பேர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். வரி விலக்கு என்பது ஒரே சொல் போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன.

ஒன்று, சோலைவரி. இது உள்ளூராட்சி மன்றம் அறவிடுவது. வழிபாட்டுக்கெனப் பயன்படும் கட்டடத்துக்கு விலக்களிக்க இடமுண்டு. ஆனால் பள்ளிக்குச் சொந்தமான கடை அறையை வாடகைக்கு விட்டால், அந்தக் கடை வழிபாட்டிடம் ஆகிவிடாது.

இரண்டு, வருமான வரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், சமய வளர்ச்சியையும் பொது வழிபாட்டிடங்களின் நிர்வாகத்தையும் தரும நோக்கங்களுக்குள் சேர்க்கிறது. ஆனால் தரும நிறுவனம் என்றதும் வரி பூச்சியம் ஆகிவிடாது. தரும நிறுவனத்தின் வரிக்குரிய வருமானத்துக்கு அந்தச் சட்டம் 14 வீதம் என்ற சலுகை வீதத்தை வைத்தது. சலுகை வேறு, முழு விலக்கு வேறு. வாடகை வருமானம் உள்ள பள்ளிகள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்திருப்பது நல்லது.

மூன்று, கொடுப்பவருக்கான கழிவு. "பள்ளிக்குத் தாங்க, வரியில கழிச்சுக்கொள்ளலாம்" என்று கொழும்பு வியாபாரிகளிடம் சொல்வோர் உண்டு. அந்தச் சட்டப்படி கழிவு கிடைப்பது அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் காசாகக் கொடுத்தால்தான். நோயாளிகளையும் வறியவர்களையும் நிலையமாக வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கே அந்த அங்கீகாரம். தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுவே எல்லை. பள்ளிக் கட்டட நிதி இதற்குள் வராது. கொடுப்பவருக்கு நன்மை உண்டு. அதை வரிக் கழிவு என்று சொல்லி வாங்கக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் நம்மவருக்கு நிலைமை வேறு. இங்கிலாந்து, வேல்ஸில் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட தரும அமைப்பு பொதுவாகத் தரும ஆணையத்தில் பதிய வேண்டும். பதிந்த அமைப்பைப் பற்றிய விபரங்களை எவரும் பார்க்கலாம். வரி செலுத்துபவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அமைப்பு அரசிடமிருந்து 25 பென்ஸ் மீளப் பெறவும் வழியுண்டு. அமெரிக்காவிலோ தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் விண்ணப்பிக்காமலே விலக்குப் பெறுகின்றன, மற்றத் தரும அமைப்புகள் ஆண்டுதோறும் கொடுக்கும் அறிக்கையையும் அவை கொடுக்கத் தேவையில்லை. ஒரு நாட்டில் சலுகைக்கு விலையாகக் கணக்கைக் கேட்கிறார்கள், இன்னொரு நாட்டில் கேளாமலே விடுகிறார்கள். இலண்டனில் இருக்கும் ஒருவர், "ஊர்ப் பள்ளியின் கணக்கறிக்கை அனுப்புங்கள்" என்று கேட்டால், அது சந்தேகத்தால் கேட்டதாக எடுக்கக்கூடாது. அவர் வாழும் இடத்தின் பழக்கம் அது.

ஹிஸாப்

பொறுப்புக்கூறல் என்பது இப்போது எல்லோரும் பேசும் சொல். நமக்கு அது புதிதல்ல. ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்றபோது, அவர் தன் தாய் தந்தை வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மேடையிலேயே கேட்டார்கள். பதவியால் வரும் இலாபம் பதவிக்குரிய கணக்கில் சேர வேண்டும் என்ற விதி அங்கே நிறுவப்பட்டது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்-பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது.

நடைமுறையில் யார் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்? நமது நம்பிக்கையாளர் ஜமாஅத்துக்கும், வக்பு சட்டப்படி முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கும். கத்தோலிக்கப் பங்கில் 537ஆம் விதிப்படி நிதிக்குழு கட்டாயம். 1287ஆம் விதிப்படி ஆயருக்கு ஆண்டுக் கணக்கும், காணிக்கை தந்த மக்களுக்கு அதைப் பற்றிய விபரமும் கொடுக்க வேண்டும். கோயிலில் நிர்வாகம் கணக்குக் காட்ட மறுத்தால், அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து 1917இன் கட்டளைச் சட்டத்தின் 102ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போகலாம். ஆனால் நேரே போக முடியாது. முதலில் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து, அவர் நியமிக்கும் ஆணையாளர் விசாரித்து, இணக்கம் சரிவரவில்லை என்றால்தான் வழக்கு. வழக்குக்கு முன் சமரசம் என்ற அந்த ஒழுங்கை நமது ஊர்களும் கவனிக்கலாம்.

உள்ளகக் கணக்காய்வு, வெளியகக் கணக்காய்வு என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். நிர்வாகத்துக்குள் இருக்கும் ஒருவர் பார்ப்பது முன்னது. நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒருவர் பார்ப்பது பின்னது. தலைவரின் மச்சான் கையெழுத்து வைத்தால் அது எந்தக் காலத்திலும் வெளியகக் கணக்காய்வு ஆகாது.

உறுதி தொலைந்த பின்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சுமார் 75,000 பேர் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். பலர் புத்தளத்தில் போய் இருந்தார்கள். வீட்டு உறுதியையே எடுக்க முடியாதவர்கள் பள்ளிவாசலின் கணக்குப் புத்தகத்தை எப்படி எடுப்பார்கள்? திரும்பி வந்தபோது எல்லைக் கல் இல்லை, பழைய நம்பிக்கையாளரில் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

இங்கே இன்னொரு சொல் வருகிறது: ஆட்சியுரிமை. பிறர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றித் தன்னுடையதாக ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது 1871இன் கட்டளைச் சட்டம். போரால் வெளியேற நேர்ந்தவர்களுக்கு இது அநியாயமாகிவிடும் என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு ஒன்றைச் செய்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுவின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்துக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. சட்டத்தரணியிடம் கேட்டே நடக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பள்ளியும் இந்த ஆண்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியைத் தேடி எடுங்கள். வக்பு சபைப் பதிவையும் நியமனக் கடிதத்தையும் சரிபாருங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே, யார் எந்தத் துண்டுக் காணியை எதற்காக வக்பு செய்தார் என்பதைக் கேட்டு, எழுதி, கையொப்பம் வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதியை ஊருக்கு வெளியே, இன்னொரு மாவட்டத்தில் வையுங்கள். இன்னொரு தடவை ஓட வேண்டி வரக்கூடாது என்பதே நமது துஆ. ஆனாலும் 1990இல் ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைத்திருந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.