பிறர் கையில் பெட்டகம்

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1968-ஆம் ஆண்டு தோன்றிய எல்கா என்னும் கணினி ஸ்தாபனத்தின் கிளையாகிய செகுடிக்ஸ், நாடக சாலைகள், அருங்காட்சியகங்கள், உதைபந்தாட்ட மைதானங்கள் முதலியவற்றுக்கு நுழைவுச் சீட்டு விற்கும் மென்பொருளை அளித்து வருகிறது. 2021-ல் நடைபெற்ற ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்குக் கைப்பேசிச் சீட்டு வழங்கிய செயலியும் அதனுடையதே. சங்கீதத்தையும் ஆட்டத்தையும் நடத்தத் தெரிந்தவர்களுக்கு ரசிகரின் கடன் அட்டை எண்ணைப் பத்திரப்படுத்தும் வித்தையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமன்று; ஆயினும் வருஷந்தோறும் சந்தாவைப் புதுப்பிக்கும் ரசிகரிடம் ஒவ்வொரு முறையும் அட்டையைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதிருக்க, அந்த எண் எங்கேனும் இருந்துதான் தீர வேண்டும்.

இருக்கும் இடத்துக்கெல்லாம் சட்டதிட்டம் உண்டு. 2004 டிசம்பரில் பிறந்த பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்னும் பாதுகாப்பு விதித்தொகுப்பை, விசா, மாஸ்டர்கார்டு முதலான ஐந்து அட்டை நிறுவனங்கள் 2006-ல் அமைத்த சபை பரிபாலிக்கிறது. அதன் பிரதான நிபந்தனைகள் பன்னிரண்டு, உட்பிரிவுகளோ நூற்றுக்கணக்கில். அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க ரகசிய எண்ணை, பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு வணிகர் யாரும் சங்கேதமாக்கிக்கூடச் சேமிக்கலாகாது. கணினிக்கு மட்டுந்தான் இது என்று எண்ண வேண்டாம்: மண்டபம் பிடித்து மெல்லிசைக் கச்சேரி நடத்துகிற நம்மவர்களில் யாரேனும் தொலைபேசியில் அட்டை எண் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால், அந்த நோட்டுப் புத்தகமும் விதிக்கு உட்பட்டதே.

இந்தப் பாரத்தை இறக்கிவைக்கவே சூரிச்சில் டேட்டாட்ரான்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. நாடக சாலையின் பக்கத்தில் ரசிகர் எண்ணைத் தட்டுகிற அந்தச் சிறு கட்டம் உண்மையில் நாடக சாலையுடையதன்று. அது சூரிச்சுக்காரருடைய கணினியிலிருந்து வந்து அங்கே பதிந்திருப்பது. தட்டிய எண் நேரே அவரிடம் போகிறது. நாடக சாலைக்குத் திரும்பி வருவது ஒரு மாற்றுக் குறியீடு மட்டுமே. ரயிலடியில் பெட்டியை ஒப்படைத்தவர் கையிலிருக்கும் ரசீதைப் போல, உரிய இடத்தில் நீட்டினாலன்றி அதனால் பயனில்லை. அடுத்த ஆண்டுச் சந்தாவை வசூலிக்க அது போதும், திருடனுக்கு அது வெறும் எழுத்துக் குவியல். இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமிப்பதைத் தடுத்து, இதே வழியில் திருப்பிவிட்டது.

ஆனால், பெட்டகத்தை ஒப்படைத்தவர் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டதாக மயங்குவதுண்டு. பிரிட்டனில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், இன்பென்டா என்ற வேறொரு நிறுவனம் செய்துகொடுத்த அரட்டை உதவி நிரலைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே வைத்திருந்தது. 2018-ல் களவாளிகள் அந்த நிரலுக்குள் தங்கள் வரிகளைச் செருகி, ரசிகர்கள் தட்டத் தட்ட எண்களை அள்ளிக்கொண்டார்கள். பெட்டகத்தை உடைக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு நேரவில்லை. தவறு நிரல் தந்தவருடையது என்ற வாதம் எடுபடாமல், 2020 நவம்பரில் டிக்கெட்மாஸ்டருக்குப் பன்னிரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அத்தகைய பக்கங்களில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்ற பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதி, 2025 மார்ச் 31-க்குப் பிறகே கட்டாயமாயிற்று. வெகு தாமதம் என்பது என் அபிப்பிராயம்.

சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2023 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிபந்தனைகளைக் கவனியாமல் வேண்டுமென்றே பிறரிடம் தரவை ஒப்படைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது; அதற்கென இரண்டரை லட்சம் பிராங்கு வரை விதிக்கப்படும் அபராதம் பெரும்பாலும் நிறுவனத்தின் மீதன்று, முடிவெடுத்த மனிதரின் சொந்தப் பையின் மீதே விழுகிறது.