காலந்தாழ்ந்து முதிரும் டென்னிஸ் வீரர்கள்

டென்னிஸ் பயிலும் இளைஞனுக்குப் பதினெட்டாம் வயது ஒரு பெரிய எல்லைக்கோடு. அவ்வயது நிறையும் ஆண்டோடு பன்னாட்டு இளையோர் போட்டிகள் அவனுக்கு முடிந்துவிடுகின்றன. இளையோர் தரவரிசையில் முதல் இருபது இடங்களுக்குள் விளங்கியவர்களுக்கு, 2024 முதல், சாலஞ்சர் எனப்படும் இடைநிலைத் தொழில்முறைப் போட்டிகளில் இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வயதில் உடல் வலுவும் ஆட்டமும் முதிராத இளைஞனோ, அடிப்படியிலிருந்தே ஏறியாக வேண்டும்.

அடிப்படி என்பது, மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர் கொண்ட பன்னாட்டுப் போட்டிகளாகும். ஒற்றையரில் வெற்றி வாகை சூடுபவருக்கு 2,160 டாலர். முதற் சுற்றிலேயே தோற்பவருக்கு 156 டாலர். விமானக் கட்டணம், விடுதி வாடகை, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி ஆகியவற்றுக்கு இது எம்மட்டு? பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டின் கணக்கை ஆராய்ந்தபோது, ஆடவரில் ஏறத்தாழ 336-ஆம் இடத்தை எட்டியவருக்கே வரவும் செலவும் சரியாயின. பயிற்றுநரின் ஊதியம் அக்கணக்கில் சேரவில்லை. ஆகவே ஐந்நூறாவது இடத்திலுள்ளவன் கூலி பெற்று ஆடுவதில்லை. கூலி கொடுத்தே ஆடுகிறான்.

மேற்படியிலும் கவலை ஒழிவதில்லை. அப்போது இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோவே எஞ்சியிருப்பதாக 2023-இல் வெளிப்படையாகக் கூறினார். 2024 ஜனவரியில் மெல்போர்னில் தகுதிச் சுற்றுகளைக் கடந்து, முதற் சுற்றில் அலெக்சாண்டர் புப்ளிக்கை வென்றபோது, அவருக்குக் கிடைத்த தொகை 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அதே ஆண்டு, முதல் 250 ஆடவருக்குக் குறைந்தபட்ச வருவாயை உறுதிசெய்யும் திட்டமும் வந்தது. எனினும், அந்த வரம்புக்குக் கீழே இருப்பவனுக்கு அத்திட்டத்தால் பயனில்லை.

இதனின்று அறிவது யாது? காலந்தாழ்ந்து முதிர்பவனுக்கு இன்றியமையாத் தேவை காலமே. அக்காலத்துக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி.

அதற்கு ஒரு விடை பல்கலைக்கழகம். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் பலவற்றில் உபகாரச் சம்பளமும் பயிற்றுநரும் ஆடுகளமும் ஒருங்கே கிடைக்கின்றன. குவாஹாத்தியில் பிறந்து சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். பட்டம் பெற்ற பின்னரே முழுநேரத் தொழிலில் இறங்கியவர், 2010-இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 2011-இல் உலகின் 62-ஆம் இடத்தையும் பெற்றார். முழங்கால் காயத்தால் பல்லாண்டுகளை இழந்த சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முதல் நூறு இடங்களுக்குள் நுழைந்தது 2019-இல், இருபத்தொன்பதாம் வயதில். குடகுக் காப்பித் தோட்டக்காரரின் மைந்தர் ரோகன் போபண்ணா, இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை 2024-இல் எய்தியபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

இவர்கள் விதிவிலக்குகளே, எல்லோரும் இந்நிலை எய்துவர் என்பதற்கில்லை. ஆதலின் பெற்றோர் சில நெறிகளைக் கைக்கொள்வது நலம். பதினாறாம் வயதுத் தரவரிசையைக் கொண்டு மகனையோ மகளையோ எடைபோட வேண்டாம்; சென்ற ஆண்டினும் இவ்வாண்டு ஆட்டம் வளர்ந்துள்ளதா என்பதையே நோக்குக. நிலத்தை அடகு வைத்து அயல்நாடு அனுப்புமுன், நம் நாட்டிலேயே நிகழும் போட்டிகளைப் பயன்படுத்துக. சென்னை, பெங்களூரு, புணே, தில்லி ஆகிய நகரங்களில் 2025-இல் சாலஞ்சர் போட்டிகளே நடைபெற்றன. படிப்பைக் கைவிட வேண்டாம். இரட்டையர் ஆட்டத்தையும் இகழ வேண்டாம். எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை என்னும் வரம்பை முதலிலேயே குடும்பத்தார் கூடி வகுத்துக்கொள்க.

உதவ முன்வரும் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பதினெட்டு வயதுக்குட்பட்ட வெற்றியாளர்க்கு வழங்கும் நிதியில் ஒரு பங்கைப் பத்தொன்பது முதல் இருபத்து மூன்று வயதினர்க்கும் ஒதுக்குவீர்களாக. ஆட்டம் வளர்ந்துவரும் வேளையில் பணமின்மையால் மட்டையைக் கீழே வைப்போர் அவ்வயதினரே.